துக்க வீட்டு நடவு

கீழப்பத்து,
11.1.1976

அன்புத் தங்கை அருணாசலவடிவுக்கு அண்ணன் சிவனணைந்தபெருமாள் எழுதுவது.

மூன்று வருஷத்துக்குப் பிறகு என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமலே அடுப்பில் போட்டுவிடாதே. விலாசம் உன் மதினி தங்கத்தாய் தந்தது. உனக்கும் அவளுக்கும் இத்தனை நாளும் பேச்சுவார்த்தை இருந்தது என்பதே எனக்குப் போன வாரம்தான் தெரியும். இந்த வீட்டில் எனக்குத் தெரியாமல் இன்னும் என்னென்ன நடக்கிறதோ.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற பங்குனியோடு நம்முடைய விவசாயிகள் சகோதர சங்கத்துக்கு இருபத்தைந்து வயது நிறைகிறது. வெள்ளிவிழா மலர் போடுவதென்று கமிட்டியில் முடிவு. செயலாளன் என்ற முறையில் வரலாறு எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். உன் வீட்டுக்காரர் இல்லாமல் சங்கம் ஏது? மாப்பிள்ளையின் படம் ஒன்று அனுப்பிவை. எழுதியதில் கொஞ்சம் உன் பார்வைக்கு:

“தாமிரபரணிக் கால்வாயின் கடைமடையில் உள்ள நமது ஊரில் 1951ஆம் ஆண்டு குத்தகை விவசாயிகள் பதினேழு பேர், கூடப் பிறக்காவிட்டாலும் சகோதரர்களாய் இருப்போம் என்று சத்தியம் செய்து இச்சங்கத்தைத் தொடங்கினர். அக்காலத்தில் நடவு நேரத்தில் ஒருவன் இறந்தால், துக்கம் கழிவதற்குள் நாற்று முற்றிவிடும். வயல் தரிசாகும். குத்தகை வேறு கைக்கு மாறும். இக்கொடுமையைத் தடுக்கவே அமரர் ஆறுமுகநயினார் ‘துக்க வீட்டு நடவு’ என்னும் சட்டத்தை வகுத்தார். உறுப்பினர் ஒருவர் இறந்தால், மற்றவர்கள் தங்கள் வயலில் கால் வைக்குமுன் அவர் வயலை நட்டு முடிக்க வேண்டும். நடவுக்கு வருகிறவர் துக்க வீட்டில் கை நனைக்கலாகாது. கட்டுச்சோறு கொண்டுவர வேண்டும். அறுப்பு முடிந்து புது அரிசி பொங்கும் நாளில்தான் அவ்வீட்டில் அனைவரும் பந்தியில் அமர்ந்து உண்பர். இவ்வாறு எத்தனையோ வீடுகளின் வயல்களை நம் சங்கத்தார் நட்டுக் கொடுத்துள்ளனர்.”

விழாவுக்கு நீ வரவேண்டும். பழசை மனதில் வைத்துக்கொள்ளாதே.

சிவனணைந்தபெருமாள்

*

தூத்துக்குடி,
20.1.1976

அண்ணனுக்கு,

வடிவு எழுதுகிறேன். அடுப்பில் போடவில்லை. இங்கே மரத்தூள் அடுப்பு, காகிதம் போட்டால் புகையும்.

மதினியைத் திட்டாதீர்கள். அண்ணன் தராத பொங்கல்படியை அவள்தான் வருஷா வருஷம் பஸ்ஸில் கொடுத்துவிட்டாள். இந்த வருஷமும் அரிசி, கரும்பு, மஞ்சள்குலை எல்லாம் வந்துசேர்ந்தது.

உங்கள் வரலாற்றைப் பிளாரன்ஸுக்கும் வாசித்துக் காட்டினேன். அவள் வீட்டுப் பின்கட்டில்தான் நான் குடியிருக்கிறேன். அவள் புருஷன் ஹென்றி ஹார்பரில் சுமை இறக்குகிறார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே இறால் கம்பெனியில் தோல் உரிக்கிறோம். கடற்கரைக்காரிக்கு வயலைப் பற்றி என்ன தெரியும்? எல்லாம் கேட்டுவிட்டு, “ஏளா, உங்க ஊர்ல ஆம்பளைகளா நாத்து நடுவாவ?” என்றாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்து முடித்த பிறகு வயிறு எரிந்தது.

சொல்லுங்கள் அண்ணன், எந்த ஆம்பிளை நட்டான்? நீங்கள் உழுதீர்கள், மரம் அடித்து வயலைச் சமன் செய்தீர்கள், நாற்றைப் பறித்து வரப்பில் கொண்டுவந்து போட்டீர்கள். இல்லையென்று சொல்லவில்லை. பிறகு வேப்பமரத்தடியில் பீடி குடித்தீர்கள். தொளிச் சேற்றில் குனிந்து நின்றது நானும் மதினியும் ஊர்ப் பெண்களும். ஒவ்வொரு துக்க வீட்டு வயலிலும் முதல் குலவை போட்டது நான். சங்கத்தார் நட்டார்களாம்! எழுதும்போது கை கூசவில்லையா?

இன்னொன்றும் விட்டுப்போயிருக்கிறது. சட்டத்தை வகுத்த என் வீட்டுக்காரர் ஆறுமுகநயினார் செத்தபோது அந்தச் சட்டம் எங்கே போயிற்று? எல்லார் வயலும் பச்சை பிடித்த பிறகு ஆட்களைக் கூட்டிக்கொண்டு என் வரப்பில் வந்து நின்றீர்களே, அதையும் எழுதுங்கள். இன்று அந்த வயலை உழுகிறவர் உங்கள் சங்கத் தலைவர் தாணுலிங்கம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. தரமாட்டேன்.

வடிவு

*

கீழப்பத்து,
2.2.1976

தங்கை வடிவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் மதினி வாசிக்கச் சொன்னாள். பீடி குடித்த இடம் வந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நீ சொல்வதில் பாதி சரி. மறுபாதியை நான் சொல்கிறேன். அந்த வருஷம் தண்ணீர் எப்படி வந்தது என்று உனக்குத் தெரியாதா? நம் முறைக்கு மடை திறந்ததே பிந்தி. அடைக்கிற நாளையும் அப்போதே சொல்லிவிட்டார்கள். கமிட்டி கூடியது. முதலில் உன் வயலை நட்டால் கடைசி மடைக்காரர்கள் வயல் காய்ந்துபோகும் என்றார்கள். தங்கத்தாய் மட்டும், “வடிவு வயலுக்குத்தான் முதல்ல போவேன்” என்று கட்டிய நாற்று முடியோடு வாசலில் நின்றாள். செயலாளன் பெண்டாட்டியே சொல் கேட்காவிட்டால் ஊர் என்ன பேசும்? நான்தான் தடுத்தேன்.

சரி, பிந்தி வந்தோம். வந்தோமா இல்லையா? அத்தனை பேரையும் வரப்பில் நிறுத்தி நீ என்ன சொன்னாய்? “என் புருசன் பொணம் காயட்டும்னு பாத்துக்கிட்டு இருந்தியளா? ஒரு ஆளு வயல்ல காலு வைக்கப்பிடாது.” முற்றிய நாற்றானாலும் பாதி விளைந்திருக்கும், வடிவு. பாதி விளைந்திருந்தால் குத்தகை உன் கையில் இருந்திருக்கும். வீம்பில் தரிசு போட்டது நீ. அன்றைக்குப் பிறகு துக்க வீட்டு நடவுக்கு ஆள் கூப்பிட எனக்கு நா எழும்பவில்லை. இவ்வளவையும் மலரில் எழுதட்டுமா?

எழுத மாட்டேன். நீ வந்தால் போதும். உன் மதினியும் கேட்கிறாள்.

சிவனணைந்தபெருமாள்

*

தூத்துக்குடி,
15.2.1976

அண்ணனுக்கு,

மதினி நாற்று முடியோடு நின்றதை இப்போதுதான் தெரிந்துகொண்டேன். அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பஸ்ஸில் அரிசிதான் வந்தது.

வீம்பு என்றீர்கள். ஆமாம், வீம்புதான். எனக்கு அதைவிட்டால் அன்று வேறென்ன இருந்தது? இங்கே சிமெண்டுத் தரையில் வரிசையாக உட்கார்ந்து ஐஸ் தண்ணீரில் கை விட்டு இறால் உரிக்கும்போது நினைத்துக்கொள்வேன். நடவிலும் வரிசைதான். ஆனால் வயல் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். இங்கே மத்தியானத்துக்குள் விரல் மரத்துவிடும். சோற்றை வாய்க்குக் கொண்டுபோகிறோமா மூக்குக்குக் கொண்டுபோகிறோமா என்று தெரியாது.

விழாவுக்கு வருகிறேன். ஒரே ஒரு நிபந்தனை. சங்க விருந்தில் இருபத்தைந்து வருஷமாய் ஆம்பிளைகள் முதல் பந்தி. நாங்கள் பரிமாறிவிட்டு, அடிச்சட்டியை வழித்து அடுக்களையில் நின்றுகொண்டே சாப்பிடுகிறோம். இந்த ஒரு தடவை நட்டவர்களும் முதல் பந்தியில் உட்காரட்டும். பெண்களையும் உறுப்பினராய்ச் சேர்த்தோம் என்று வரலாற்றில் ஒரு வரி எழுதுங்கள். மதினிக்குப் பக்கத்து இலையில் நான் உட்காருகிறேன். படத்தையும் கொண்டுவருகிறேன்.

கமிட்டியில் கேட்டு எழுதுங்கள்.

வடிவு

*

கீழப்பத்து,
18.4.1976

அன்புத் தங்கை வடிவுக்கு,

பதில் எழுதப் பிந்திவிட்டது. 

விழா முடிந்துவிட்டது. கூட்டம் போடப் போலீஸ் ஸ்டேஷனில் அனுமதி வாங்கி, ஸ்ரீவைகுண்டத்தில் இருந்து மைக் செட் கொண்டுவந்து எல்லாம் சிறப்பாகத்தான் நடந்தது. உன் விஷயத்தைக் கமிட்டியில் எடுத்தேன். நான் பேசி முடிக்கவில்லை, அதற்குள் தாணுலிங்கம், “பொம்பளைய பந்தில உக்காந்தா பரிமாறுதது யாருவே? நீரா?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன், வடிவு. சிரித்த வாயோடு மேற்கொண்டு என்ன பேச?

மலரில் மாப்பிள்ளைக்குப் படம் இல்லை. கட்டம் மட்டும் போட்டுக் கீழே பேர் அச்சடித்திருக்கிறது.

நீ வருவாய் என்று உன் மதினி விழா அன்று பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு வந்தாள். எல்லாப் பந்திக்கும் அவளேதான் சாம்பார் ஊற்றினாள். கடைசியில் சாப்பிட உட்கார்ந்து இரண்டு வாய்க்கு மேல் இறங்காமல் எழுந்துவிட்டாள். கொஞ்ச நாளாகவே சாப்பாட்டை ஒதுக்குகிறாள். கேட்டால் உடம்புச் சூடு என்கிறாள்.

சிவனணைந்தபெருமாள்

*

தூத்துக்குடி,
23.4.1976

அண்ணனுக்கு,

பந்தி கிடக்கட்டும், விடுங்கள். மதினியை உடனே இங்கே அனுப்புங்கள். சாப்பாட்டை ஒதுக்குகிறாள் என்பதை விழாச் சமாசாரத்துக்கு அடியில் எழுதியிருக்கிறீர்களே, உங்களை என்ன சொல்ல? அவள் ஒருநாளும் உடம்புக்கு என்று வாய் திறக்கிறவள் இல்லை. இங்கே நல்ல டாக்டர் இருக்கிறார். பிளாரன்ஸும் கூட வருவாள். நான் லீவு போட்டுக்கொள்கிறேன்.

கார் பருவ நடவு முடியட்டும், அறுப்பு முடியட்டும் என்று தள்ளாதீர்கள். உங்கள் கையைப் பிடித்துக் கேட்கிறேன்.

வடிவு

*

கீழப்பத்து,
3.11.1976

வடிவுக்கு,

தங்கத்தாயை எடுத்த அன்று நீ வந்தாய். உன் மதினி காலைப் பிடித்துக்கொண்டு அழுதாய். என் முகத்தைப் பார்க்காமலே சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விட்டாய். பார்க்காதது சரிதான். நான் அறுப்பு முடியட்டும் என்றுதான் தள்ளினேன். பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனபோது, வயிற்றுக் கட்டி முற்றிவிட்டது, முன்னமே வந்திருக்க வேண்டும் என்றார்கள்.

மகன் ராமர் பம்பாயில் இருந்து வந்து கொள்ளி வைத்துவிட்டு மறுநாளே ரயிலேறிவிட்டான். அவனுக்கு லீவு இல்லையாம். பதினாறு கழிகிறவரை நான் வயலில் கால் வைக்கக்கூடாது. பிசானப் பருவத்து நாற்று தயாராய் நிற்கிறது. அவள் போகுமுன்னமே தொளி கலக்கி மரமும் அடித்துப் போட்டிருக்கிறேன். நேற்று தாணுலிங்கம் துக்கம் கேட்க வந்தார். நானாகக் கேட்கவில்லை. அவரே ஆரம்பித்தார். “வருத்தந்தான் அண்ணாச்சி. ஆனா சட்டத்துல உறுப்பினர் எறந்தான்னுதான இருக்கு? மதினி உறுப்பினர் இல்லயே. இப்பம் இதுக்கு வந்தா நாளைக்கு ஆரு வீட்டுல ஆரு செத்தாலும் வரணும்லா?” என்றார். அவர் பேசியதில் தப்புக் கண்டுபிடிக்க எனக்கு வழியில்லை. அந்த வார்த்தையை அப்படியே வைத்து அச்சடித்தவன் நான்.

கூலிக்கும் ஆள் கிடைக்காது. எல்லார் வயலிலும் நடவு. உன்னிடம் எதையும் கேட்டு எழுதவில்லை. சொல்ல வீட்டில் ஆள் இல்லை, அதனால் எழுதினேன்.

சிவனணைந்தபெருமாள்

*

கீழப்பத்து,
10.11.1976

ஏளா வடிவு,

நேற்றுக் காலை முதல் பஸ் போன கொஞ்ச நேரத்தில் குலவைச் சத்தம் கேட்டது. துக்க வீட்டுக்குள் தனியாக உட்கார்ந்திருந்தேன். முதலில் யாரோ என்று நினைத்தேன். இரண்டாம் தடவை கேட்டதும் தெரிந்துவிட்டது. நம் அம்மையும் அப்படித்தான், கடைசியில் இழுத்து நிறுத்துவாள்.

கால் வைக்கக்கூடாது என்பதால் வாசல்படியில் நின்றேன். மீதியெல்லாம் ஆறுமுகத்தாய் வந்து சொன்னதுதான். தாணுலிங்கத்தின் பெண்டாட்டிதான், வேறு யாரும் இல்லை. தூத்துக்குடியில் இருந்து ஒரு கூட்டம் பெண்களோடு நீ வந்து இறங்கினாயாம். சிலுவை போட்ட பொம்பளையெல்லாம் சேலையை வரிந்துகட்டிக்கொண்டு தொளியில் இறங்கினார்களாம். அந்தப் பிளாரன்ஸ் முதல் அடியிலேயே முழங்கால் வரை புதைந்து விழுந்து, “சேசுவே, காலை உள்ள இழுக்குதே!” என்று கத்தினாளாம். பறிக்க ஆம்பிளை வராததால் நாற்றையும் நீங்களே பறித்தீர்களாம். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க ஊர்ப் பெண்களுக்கு மானம் கொள்ளவில்லை. நட்டுக்கொண்டிருந்த வயலைப் பாதியில் போட்டுவிட்டு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். முதலில் வந்தது தான்தான் என்று ஆறுமுகத்தாய் பெருமையடித்துக்கொள்கிறாள். தாணுலிங்கம் வரப்பில் நின்று கத்தினாராம். “நீரு போயி பீடி குடியும்” என்றாளாம்.

பொழுது சாயும் முன்னே முழு வயலும் முடிந்துவிட்டது. நீ வருவாய் என்று சோறு பொங்கச் சொல்லி வைத்திருந்தேன். வாசல் விளக்கை ஏற்றிவிட்டுக் காத்திருந்தேன். நீ எட்டிக்கூடப் பார்க்காமல் பஸ்ஸுக்குப் போய்விட்டாய். அவ்வளவு கோபமா என்மேல்? நட்டுக் கொடுத்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்தால் ஆகாதா?

அண்ணன்

*

தூத்துக்குடி,
16.11.1976

அண்ணனுக்கு,

கோபத்தில் இல்லை. நடவுக்கு வந்தவர்கள் துக்க வீட்டில் கை நனைக்கக்கூடாது. சட்டம் அப்படித்தானே? அதை என் வீட்டுக்காரர் நம் வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நீங்கள் எழுதினீர்கள். நானும் மதினியும் பக்கத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தோம். உறுப்பினராக இல்லாவிட்டால் என்ன, சட்டம் தெரியாதா? கம்பெனிப் பெண்களிடமும் பஸ்ஸிலேயே சொல்லிவிட்டேன். எல்லாரும் கட்டுச்சோறு கொண்டுவந்தார்கள். ஹில்டா என்று ஒருத்தி, நெற்றியில் கூட மண். வாய்க்கால் தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்துவிட்டு, கடலைவிட இது ருசிதான் என்றாள்.

வாசலில் விளக்கு எரிந்ததைப் பார்த்தேன். அந்த வழியாக வந்தால் உள்ளே வந்துவிடுவேன் என்று வாய்க்கால் கரை சுற்றிப் போனேன்.

ஒன்று சொல்லவேண்டும். நாற்று முற்றித்தான் இருந்தது. நாற்று முடியைப் பிரிக்கும்போதே கணு விட்டிருந்தது தெரிந்தது. பாதிதான் விளையும். பாதி விளைந்தாலும் உங்கள் குத்தகை நிற்கும். நட்டுக்கொண்டே அதைத்தான் நினைத்தேன். அன்று என் வரப்பில் நின்றவர்களை இறங்க விட்டிருந்தால் எனக்கும் பாதி கிடைத்திருக்கும். ஊரிலேயே இருந்திருப்பேன். மதினி சாப்பாட்டை ஒதுக்கியதை முதலில் என் கண்தான் பார்த்திருக்கும். உங்களைச் சொல்லி என்ன செய்ய?

வடிவு

*

கீழப்பத்து,
6.3.1977

அன்புத் தங்கை வடிவுக்கு,

அறுப்பு முடிந்தது. நீ சொன்னபடி பாதிதான். குத்தகை நெல் அளந்தது போக வருஷச் சாப்பாட்டுக்குக் காணாது, ஆனாலும் வயல் கையில் இருக்கிறது.

தெருவெல்லாம் தேர்தல் கொடி. நம் சங்கத்தில்தான் ஒரு சத்தமும் இல்லை. உன் நடவுக்குப் பிறகு வீட்டுக்கு வீடு சண்டை. பெண்களைச் சேர்க்கவேண்டும் என்று மறுபடி எடுத்தேன், இந்தத் தடவை சிரிக்கவில்லை. ஒருவரும் சம்மதிக்கவும் இல்லை. செயலாளர் வேலையை விட்டுவிட்டேன். அதன்பின் கூட்டம் கூடவே இல்லை. சங்கம் என்று இப்போது இருப்பது பலகைதான். விற்காத மலர்க் கட்டுகள் என் வீட்டு மூலையில் கிடக்கின்றன. அந்தக் கட்டத்தில் மாப்பிள்ளை முகமும் இல்லை, அந்த வரலாற்றில் தங்கத்தாய் பேரும் இல்லை. அதை இனிமேல் யார் திருத்தி அச்சடிக்கப்போகிறார்கள்? அவள் இருக்கும்போது செய்யாமல் விட்டேன். ராத்திரியெல்லாம் அதுதான் நெஞ்சில் கிடந்து அறுக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை புது அரிசி பொங்குகிறேன். நட்டவர்கள் எல்லாரும் வரவேண்டும், தூத்துக்குடிப் பெண்களும் சேர்த்துத்தான். ஊர்ப் பெண்களிடம் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டேன். பெண்களுக்குத்தான் முதல் பந்தி. தாணுலிங்கம் அன்றைக்குக் கேட்டாரே பரிமாறுவது யாரென்று, நான்தான் பரிமாறுவேன். நாலு மாசமாய் நானே பொங்கிச் சாப்பிடுகிறேன். சோறு குழைந்துவிடுகிறது. சாம்பாரில் உப்புக் கூடவோ குறையவோ இருக்கும். பொறுத்துக்கொள்ளச் சொல்.

உன்னால் வர முடியுமா?

அண்ணன்

*

தூத்துக்குடி,
9.3.1977

அண்ணனுக்கு,

வருகிறோம். பிளாரன்ஸ் ஞாயிற்றுக்கிழமைப் பூசையை முதல் பூசையிலேயே முடித்துவிட்டு வருவாள். அவள் சாமிக்குக் கோபம் வராதாம், இறால் கம்பெனிக்காரனுக்குத்தான் வருமாம். என் வீட்டுக்காரர் படத்தையும் கொண்டுவருகிறேன். மலருக்கு இல்லை. பந்தி நடக்கும்போது சுவரில் இருக்கட்டும்.

சோறு குழைந்தால் குழையட்டும். நீங்கள் ஒரு காரியம் மட்டும் செய்யுங்கள். முதல் பந்தியில் எனக்குப் பக்கத்தில் மதினிக்கும் ஒரு இலை போடுங்கள். செத்தவர்களுக்குப் படைக்கிற மாதிரி நுனியைத் திருப்பிப் போடவேண்டாம். உயிரோடு இருக்கிறவர்களுக்குப் போடுவது போலவே நுனி இடப்பக்கம் இருக்கட்டும். சாம்பாரை அவள் இலையில் இருந்து ஊற்ற ஆரம்பியுங்கள். ஒரே வீட்டில் பொங்கி, ஒரே வயலில் குனிந்து இத்தனை வருஷம் இருந்தோம். அவளும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒருநாளும் சாப்பிட்டதில்லை.

வடிவு